சரசுவின் நோட்டில் என் மூச்சு

சுவா சூ காங், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் சுந்தரேசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. சிரம்பானில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சரசுவும் சௌக்கியம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது தாளில் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் கைப்பேசியில் வருவதை எனக்கு முன்பே சரசு படித்துவிடுகிறாள், அதனால்தான்.

தங்கள் தங்கை நாற்பத்தொன்பது வயதில் மறுபடி கல்லூரிக்குப் போவது தாங்கள் அறிந்ததே. இருபத்திரண்டு வருடம் ஒரு கிளினிக்கில் வரிசை எண் கொடுத்தவள், மூச்சு முட்டி வருகிறவர்களை உட்கார வைக்க மட்டும்தானா நான் என்று ஒருநாள் கேட்டுவிட்டு, ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் படிப்பில் சேர்ந்துவிட்டாள். மூச்சுவிடத் திணறுகிறவர்களுக்குக் கருவி வைத்துச் சிகிச்சை தரும் வேலையாம். நான் தடுக்கவில்லை. தேக்காவில் பூக்கடைக்காரர் வரைக்கும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு, பகலெல்லாம் மனைவி வீட்டில் இல்லாதது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது தங்களுக்குத் தெரியாததா.

வினை வீட்டுப்பாடத்தில் வந்தது. குடும்பத்தில் ஒருவரின் மூச்சுவேகத்தை ஆறு வாரம் தினமும் அளந்து நோட்டில் எழுதிக் காட்ட வேண்டுமாம். குடும்பம் என்றால் நான்தானே. ஊதினால் முள் நகரும் ஒரு பிளாஸ்டிக் குழலைக் கையில் கொடுத்து, குளித்ததும் ஊதி எழுதிவைக்கச் சொல்லிவிட்டு ஆறரைக்கே வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். ஊதினேன். முள் இருநூற்று நாற்பதில் நின்றது. என் வயதுக்கும் உயரத்துக்கும் ஐந்நூறு இருக்க வேண்டும் என்று கூடவே வந்த அட்டையில் போட்டிருந்தது. மச்சான், பதினோரு வருடத்துக்கு முன் தங்கள் தகப்பனார் படத்தின் முன்னால் நின்று இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று நான் சத்தியம் செய்தது சரசுவுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தியத்தின் மதிப்பு தங்களுக்கும், தங்கள் வீட்டுப் பின்புறம் நாம் இருவரும் பற்றவைக்க ஒதுங்கும் பப்பாளி மரத்துக்கும்தான் தெரியும். இருநூற்று நாற்பது என்று எழுதுவதும் நான் பிடிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். குழலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அங்கே நாதஸ்வரம் வாசிக்கும் அங்கமுத்து, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது, காலைப் பூஜை முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சும்மா ஒரு ஊது ஊதிக் காட்டச் சொன்னேன். அறுநூற்று நாற்பது. அதை அப்படியே நோட்டில் எழுதினேன். மறுநாளும் போனேன். தினமும் வாயில் வைக்கப் புது அட்டைக்குழாய் கொடுத்தேன், சுத்தத்தில் நான் குறை வைக்கவில்லை. போகப்போக அங்கமுத்துவுக்கும் இதில் ரோஷம் வந்துவிட்டது. ஒருநாள் முகம் வாடி, "இன்னிக்கு இருபது கொறைஞ்சிடுச்சுண்ணே, நேத்து கல்யாணத்துல நிறைய வாசிச்சிட்டேன்," என்று மன்னிப்புக் கேட்டார். அவர் விடுப்பில் போன இரண்டு நாளும் நானே ஒரு உத்தேசமாக எழுதிக்கொண்டேன்.

நோட்டைப் பார்த்த ஆசிரியை நஃபீசா அசந்துபோனாராம். ஐம்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு நுரையீரலா, அவரை வகுப்புக்கே அழைத்துவாருங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும் என்றாராம். சரசு முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை, என் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். வயிற்றுவலி என்றேன், எடுபடவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க, ஊதினேன். இருநூற்று முப்பது. குழல் பழுது என்று வேறு குழல் கொடுத்தார்கள். இருநூற்றுப் பத்து. மூன்றாவது குழலுக்கு நான் இருமலில் மாட்டிக்கொண்டேன். சரசு நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஆறு வாரமா என் நோட்டுல இருந்தது யாரோட மூச்சு?" மச்சான், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, கோயில் நாதஸ்வரக்காரர் அங்கமுத்துவின் மூச்சு என்று ஒப்புக்கொண்டேன்.

நோட்டு செல்லாது என்று ஆகிவிட்டது. மறுபடி ஆறு வாரம் உள்ளபடி அளந்து காட்டினால்தான் அந்தப் பாடத்தில் தேறுவாளாம், இல்லையென்றால் ஒரு வருடம் வீண். அதனால் இப்போது தினமும் என் முன்னால் நின்று ஊதச் சொல்கிறாள். கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் நான் நிற்கும் மரத்தடி வரைக்கும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாலிகிளினிக்கில் நெஞ்சுப் படம் எடுக்க நாள் வாங்கியிருக்கிறாள். வீட்டில் ஒரு மனிதன் பெருமூச்சு விட்டால்கூட நிமிர்ந்து பார்க்கிறாள் மச்சான், நிம்மதியா ஒரு கொட்டாவி விட முடியல. தாங்கள் சொன்னால் சரசு தட்டமாட்டாள். இந்த வயதில் படிப்பு எதற்கு, வீட்டைக் கவனி என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். என் மானமும் மிச்சமிருக்கும் நிம்மதியும் தங்கள் கையில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லோரும் நீண்ட ஆயுளோடும் பெற்றவர் பெயர் சொல்லும்படியும் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாறாத
சுந்தரேசன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். தபால்தலை வாங்கக் கீழே போய்த் திரும்பினால் மின்தூக்கி பழுது. ஒன்பது மாடி. ஆறாவதில் மூச்சு நின்றுவிட்டது போலாகிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடக் குரல் வரவில்லை, பயந்துபோனேன். காணோமே என்று சரசு பாடப் புத்தகத்தோடு இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கைவைத்து, "மூக்கால இழுங்க, சூடான டீயை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க, நான் இருக்கேன்லா," என்றாள். கால்மணி நேரம் சொல்லிச் சொல்லி விடவைத்தாள். மூச்சு வந்தது. பாக்கெட்டில் இருந்ததை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் படிக்கட்டும் மச்சான்.

போன வாரம் போனில் தாங்கள் இருமியதை அவள் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறாள். விடுமுறைக்குச் சிரம்பான் வருகிறாள், குழலோடு. தங்கள் ஊர்க் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர் யார் என்று இப்போதே என்னிடம் விசாரித்துவிட்டாள்.