வாட்ஸ்அப்பில் தேடப்பட்ட மூன்று வால் பூச்சி

என் மனைவியின் டாக்டர் பட்டத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது, அது சமையலறை ஜன்னல் வழியாக வெளியேறி ராஜா அண்ணாமலைபுரத்தின் மேல் வட்டமடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை காலை நான் மனப்பூர்வமாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவி சுதா கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். நாற்பத்தைந்து வயதில் மற்றவர்கள் முழங்காலுக்கு டாக்டர் தேடுவார்கள். இவள் தானே டாக்டராகிவிடுவது என்று கிளம்பினாள். ஆராய்ச்சி என்னவென்றால், அடையாறு எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை அதில் குடியிருக்கும் பூச்சி, புழு, நத்தைகளை வைத்துக் கணிப்பது.

"பூச்சி இருந்தா அழுக்குத் தண்ணி, இல்லேன்னா நல்ல தண்ணி. இதுக்கு எதுக்கு நாலு வருஷம்?" என்று கேட்டேன். (அரிசி டப்பாவைப் பார்த்து வளர்ந்த அறிவு.)

அதற்கு அவள் பொறுமையாகப் பாடம் எடுத்தாள். தண்ணீரை பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் அந்த நிமிஷத்துச் சேதி மட்டும்தான் கிடைக்கும். பூச்சிகளோ மாதக்கணக்கில் அங்கேயே வாழ்கின்றன. யார் எப்போது எந்தச் சாக்கடையைத் திறந்துவிட்டாலும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவைதான். அதனால் எந்தக் குடும்பத்துப் பூச்சி எங்கே வசிக்கிறது என்று பார்த்து ஆற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். (கிட்டத்தட்ட பெண் பார்க்கிற மாதிரி. முதல் கேள்வியே குடும்பம் எது என்பதுதான்.) சாக்கடையிலும் சௌக்கியமாக இருக்கிற செம்புழுவுக்கு அடிமாட்டு மதிப்பெண். லேசாக அழுக்குச் சேர்ந்தாலே உயிரை விட்டுவிடுகிற ரோஷக்காரப் பூச்சிக்கு உச்ச மதிப்பெண்.

அப்படிப்பட்ட ரோஷக்காரன் ஒருவனைத்தான் சுதா கண்டுபிடித்துவிட்டாள். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், அடையாறு இன்னும் கொஞ்சம் மானத்தோடு ஓடுகிற இடத்தில், மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள். ஒல்லி உடம்பு, பின்னால் மூன்று வால். அவளுடைய வழிகாட்டி மரகதம் மேடம் இதை நம்பவில்லை. "அங்கேயா? வாய்ப்பே இல்லம்மா. பூச்சியக் காட்டு, அத்தியாயத்துல கையெழுத்துப் போடறேன்" என்றுவிட்டார். ஐப்பசி பிறந்துவிட்டது. பெருமழை இறங்கினால் ஆறு புரண்டுவிடும், பூச்சி வேட்டை அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சுதா ஆற்றில் இறங்கி, வலை வீசி, கூடவே சிக்கிய நத்தை, மற்ற பூச்சிகளோடு ஒரு டப்பா நிறையப் பிடித்துவந்தாள். அதே வேகத்தில் கல்லூரிக்கும் ஓட வேண்டியிருந்தது.

"ஏன்னா, இன்னிக்கு லீவுதானே நீங்க? இந்த பாட்டில்ல, பூச்சி கெடாம இருக்கறதுக்கு ஸ்பிரிட் இருக்கு. பூச்சியெல்லாம் முழுகற வரைக்கும் டப்பாவுல ஊத்தி மூடி வெச்சுடுங்கோ. அவ்ளோதான். மறந்துடாதேங்கோ."

நான் மறக்கவில்லை. பாட்டிலைத் திறந்தேன். டப்பாவுக்குள் அத்தனையும் துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தன. எறும்பு ஏறிய சர்க்கரையை வெயிலில் வைத்து, அவை தாமாக இறங்கிப்போகும் வரை காப்பியே குடிக்காமல் காத்திருக்கிற வம்சம் நான். பாட்டிலைத் திரும்ப மூடினேன். இன்று ஒரு நாளாவது நன்றாக வாழட்டும், நாளைக் காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எல்லாரையும் ஒரு பெரிய பேசினுக்கு மாற்றி, கொஞ்சம் சாதமும் போட்டு, சமையலறை ஜன்னலோரம், சுதா கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால், காற்றாட வைத்தேன். கருணை என்றால் அப்படி ஒரு கருணை.

மறுநாள் சுதா மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த மரகதம் மேடத்தை அழைத்துவரப் போனாள். இப்போது ஊற்றிவிடலாம் என்று போய்ப் பார்த்தால் பேசின் காலி! ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த நத்தைகளும், அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு தட்டான் குஞ்சும்தான் மிச்சம்.

மேஃப்ளை வளர்ந்தால் இறக்கை முளைத்துப் பறந்துவிடும், அப்புறம் ஒரு நாள்தான் ஆயுள் என்று சுதா சொல்லியிருந்தாள். ஆக, என் கருணையில் கொழுத்து, ஒரே ராத்திரியில் வயசுக்கு வந்து, கும்பலாகப் பறந்துவிட்டன! சாயங்காலத்துக்குள் பிடிக்காவிட்டால் டாக்டர் பட்டம் இயற்கை மரணம் எய்திவிடும். (கூடவே பறக்கத் துப்பில்லாமல் தங்கிவிட்ட தட்டான் குஞ்சைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னும் நாலு பருக்கை போட்டேன்.)

ஜன்னல்களைச் சாத்தினேன். பூச்சி அடிபடக் கூடாதென்று எல்லா ஃபேனையும் நிறுத்தினேன். பிறகு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்: "எங்கள் வீட்டிலிருந்து சில பூச்சிகள் காணாமல் போய்விட்டன. மெலிந்த உடல். வால் மூன்று. கண்டால் அடிக்க வேண்டாம். உயிருடன் ஒப்படைக்கவும். ஒரு பெண்ணின் எதிர்காலம் இதில் அடங்கியிருக்கிறது."

கடைசி வரிதான் வினையாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் ஹால் நிரம்பிவிட்டது. கீழ்வீட்டு ரிட்டயர்ட் எஞ்சினியர் ஒரு கரப்பான்பூச்சியைப் பேப்பரில் ஏந்திவந்தார். "வால் ரெண்டுதான் சார் இருக்கு. ஒண்ணு வழியில விழுந்திருக்கலாம்."

தெருமுனையில் இஸ்திரி போடும் ஏழுமலை, "இன்னா சார், பூச்சி தேடிக்கினு கீறியாமே? லைட்டு கம்பத்தாண்ட கூட்டம் கூட்டமா கீது சார். எது வோணும்னு சொல்லு, இட்டாந்துடறேன்" என்றார்.

இரண்டாம் மாடி ஷமீம் அக்கா கண்ணாடி டம்ளரோடு வந்து என் காதருகே குனிந்தார். "பாய், எங்க மணி பிளான்ட் பாட்டில்ல என்னமோ குட்டிகுட்டியா நீந்துது. உங்களோடதா பாருங்க. ஆனா கார்ப்பரேஷன்காரங்க காதுல மட்டும் போட்டுடாதீங்க, ஃபைன் போட்டுடுவாங்க."

சுத்தமான கொசுப்புழு. அதைச் சொல்வதற்குள் சீலிங் ஃபேன் மேல் ஏதோ அசைந்தது போலிருந்தது. ஆற்றில் வீசும் வலையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைமேல் ஏறினேன். வியர்வையில் பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கோலத்தில்தான் கதவு திறந்தது. பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக மரகதம் மேடம். அவருக்குப் பின்னால் சுதா.

"சுதா, உன் வீட்டுக்காரரா?" என்றார் மேடம்.

சுதா என்னையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தாள். (ஆமாம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள் என்றே நினைக்கிறேன்.)

மேஜையிலிருந்து இறங்கி, எல்லாம் பறந்துபோன சோகக் கதையைச் சொன்னேன். மேடம் பேசினைக் குனிந்து பார்த்தார். தட்டான் குஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்த டம்ளரைக் கொஞ்சம் குடும்மா" என்று ஷமீம் அக்காவிடம் வாங்கி, கொசுப்புழுவைப் பேசினில் கவிழ்த்தார்.

ஒரு புழு நெளிந்து நெளிந்து தட்டான் குஞ்சின் முன்னால் வந்தது. அந்தச் சாதுவின் முகத்திலிருந்து ஏதோ விசுக்கென்று நீண்டது, மடங்கியது. புழுவைக் காணோம். அடுத்தது வந்தது. அதையும் காணோம்.

"கீழ் உதடுதான் அதுக்குக் கை" என்றார் மேடம். "ஒண்ணுமே பறக்கல சார். ராத்திரி பூரா நீங்க இதுக்குப் பந்தி வெச்சிருக்கீங்க."

"அட இன்னா சார், ஒண்டியா உக்காந்து எல்லாத்தியும் துன்னுட்டு கீதா!" என்றார் ஏழுமலை, மிகுந்த மரியாதையோடு.

சுதா என் பக்கம் திரும்பினாள். "ஸ்பிரிட் ஊத்தலையா?"

"கொல்ல மனசு வரலைடி."

"அதனால ஒண்ணையொண்ணு கடிச்சுத் தின்னட்டும்னு விட்டுட்டேளாக்கும்."

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. எஞ்சினியர் மட்டும் கரப்பானைத் திரும்ப எடுத்துப்போகலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பேசினின் அடியைத் துழாவினார். "வால் துண்டு மாதிரி ஏதோ கிடக்கு. ஆனா துண்டுக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது சுதா. முழுசா வேணும்." சுதாவின் கண் கலங்கியது. அதற்குப் பிறகு என்னால் ஒரு ஜோக்கும் அடிக்க முடியவில்லை. வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது ஓரமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கும் என் மச்சினன் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து கத்துவான்: "அத்திம்பேர், பாவம் அவர், பறக்கத் தெரியாதவர். இன்னும் நாலு பருக்கை போடச் சொல்லுங்கோ!"

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், தூறல் ஆரம்பிப்பதற்கு முன்னால், நாங்கள் மூன்று பேரும் அதே இடத்தில் ஆற்றில் இறங்கினோம். கல்லைப் புரட்டிய மூன்றாவது இடத்தில் மேஃப்ளை இருந்தது. மேடம் பார்த்துச் சரி என்று தலையசைத்தார். ஸ்பிரிட்டை சுதாவே ஊற்றினாள். என்னிடம் மூடியைக் கொடுத்திருந்தாள், பிடித்துக்கொண்டு நின்றேன்.