ஆமைப்பூட்டரின் இரண்டு நிமிடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூட்டாமல் கிடக்கும் பொருள் ஒன்று இருந்தால், அது இன்னும் ஆமைப்பூட்டரின் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். பஸ் தரிப்பில் விட்டு வரும் சைக்கிளுக்கு இரண்டு ஆமைப்பூட்டு, சாப்பாட்டுப் பைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று. குடையை எப்படிப் பூட்டுவது என்று கேட்பவர்கள் அவரோடு வேலை செய்யாதவர்கள்.

மானிப்பாயில் எங்கள் கந்தோரின் எட்டுக் கணினிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. உடுப்பிட்டியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவருடைய சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவர் வரும்வரை, பத்து மணித் தேநீருக்கு எல்லாவற்றையும் திறந்தபடி போட்டுவிட்டு எழும்பிப் போவது எங்கள் வழக்கம். வந்த முதற் கிழமையே, இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி தானாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டார். மறுபடி திறக்கக் கடவுச்சொல் அடிக்க வேண்டும்.

"இதென்னண்ணை அநியாயம், யோசிச்சுக்கொண்டிருந்தாலும் பூட்டுதே," என்றார் என் பக்கத்து மேசைச் சுகந்தி அக்கா.

"கந்தோரிலை இருந்து ஏன் பிள்ளை யோசிக்கிறியள்?" என்றார் ஆமைப்பூட்டர்.

அன்று அவர் கொடுத்த கடவுச்சொற்களை எட்டுப் பேரும் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அன்றைய தாளில் எழுதி வைத்தோம். கைக்கு எட்டியது அதுதான். எங்கள் மனேச்சர் பக்திமான். மறுநாள் காலை வந்ததும் வழக்கம்போலத் தாளைக் கிழித்து, கோயில் திருநீற்றை அதில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அரை நாள் கந்தோர் நடக்கவில்லை. மனேச்சரைச் சுற்றி நின்று திருநீற்றைத் தட்டித் தட்டி வாசித்துத்தான் கணினிகளைத் திறந்தோம். மத்தியானமே எட்டுக் கடவுச்சொல்லையும் ஆமைப்பூட்டர் மாற்றிவிட்டார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேசை விசிறியின் கழுத்தில் தையல் நூலைக் கட்டி, மறு நுனியை மவுசில் கட்டினேன். விசிறி அங்கும் இங்கும் திரும்ப மவுஸ் அசையும், நான் மும்முரமாக வேலை செய்கிறேன் என்று கணினி நம்பிவிடும். பதவி உயர்வு கொடுப்பதென்றால் அந்த விசிறிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஆமைப்பூட்டர் நூலை மூன்று தரம் வெட்டினார். மூன்றாம் தரம் எல்லாருக்கும் முன்னால் வெட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் கை நீட்டுவதில்லை. பெயர் போடாமல் பெட்டிசம் எழுதுவோம். 'மேற்படியாரை உடனடியாகத் தூர இடம் ஒன்றுக்கு மாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று தலைமைக் கந்தோருக்கு எழுதத் தொடங்கினேன். அதையும் என் கந்தோர்க் கணினியிலேயே எழுதினேன். இடையில் பூட்டிக்கொள்ளாமல் இருக்கப் புதுநூல் ஒன்றும் கட்டியிருந்தேன்.

பாதியில், புத்தூரில் இருந்து மச்சான் முறையான ஒருவர் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்துவிட்டார். கலியாணம் சொல்ல வந்தவரை மேசையில் இருந்தபடி அனுப்ப முடியாது. வெளியே போய், நின்று, மாப்பிள்ளையின் பூர்வீகம் முழுவதையும் கேட்க வேண்டும். அவர் மாப்பிள்ளையின் இரண்டாவது தமக்கைக்கு வந்தபோதுதான் எனக்கு விசிறி ஞாபகம் வந்தது.

விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டிசம் பளிச்சென்று திரையில் இருக்கும். பக்கத்தில் சுகந்தி அக்கா இருப்பார். அவர் கண்டால் அடுத்த நிமிடம் மனேச்சருக்குத் தெரியும். வேலை போகாவிட்டாலும் அந்தக் கந்தோரில் இனி யார் முகத்திலும் விழிக்க முடியாது. மச்சானை மாமரத்தடியில் விட்டுவிட்டு ஓடினேன்.

விசிறி நின்றிருந்தது. கணினி பூட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதிரையில் ஆமைப்பூட்டர் இருந்தார்.

"ஐசே, திறந்துபோட்டுப் போக வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"அண்ணை, வாசிச்சனீங்களோ?"

"மற்றவையின்ரை கடிதத்தை நான் வாசிக்கிறேல்லை." எழும்பினார். சுகந்தி அக்காவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "தூர இடமெண்டு போடாதையும். உடுப்பிட்டிப் பக்கமெண்டு போட்டால் எனக்கு ஒரு பஸ் மிச்சம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெட்டிசத்தை அழித்தேன். மறுநாள் இன்னொன்று எழுதினேன், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயரும் கையெழுத்தும் போட்டு. இரண்டு பஸ் ஏறி வரும் மனிதரை அவருடைய வீட்டுக்குக் கிட்ட அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். சில மாதங்களில் மாற்றம் வந்தது. முதற் கடிதத்தைப் பற்றி அவர் கடைசிவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் போனபிறகு வந்தவர் நல்ல மாதிரி. ஏழு கணினிகளில் அந்தப் பூட்டை நீக்கிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"உந்தப் பூட்டையும் எடுத்துவிடட்டோ அண்ணை?"

"வேண்டாம், இருக்கட்டும்," என்றேன்.

சுகந்தி அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் பார்த்தால் பார்க்கட்டும், எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் என் கணினி பூட்டிக்கொள்கிறது. திறக்க ஒவ்வொரு தடவையும் அவருடைய பட்டப் பெயரைத்தான் அடிக்கிறேன். இதை இப்படி எல்லாருக்கும் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால், உடுப்பிட்டியில் இருந்து பஸ் ஏறி வந்தாவது அதை மாற்றிவிட்டுப் போவார். வரட்டும் என்றுதான் சொன்னேன்.