அஞ்சு வோல்ட்டுச் சத்தம்

மின்சாரத்துக்கும் மானரோஷம் உண்டு என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தென்காசியில் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கும் கடை. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் பேட்டரி அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள்கூட உறைமேல் அப்படித்தான் எழுதுவார்கள்.

அவருடைய காக்கிச் சட்டையில் துணி இருந்த இடத்தைவிட ஆசிட் தின்ற இடம் அதிகம். கடைக்குள் செருப்போடு நுழையக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. லாரிக்காரர் யாராவது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியைப் பார்த்து, "எப்பம் ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"சாப்பிடுதவன் எல முன்னால நின்னுக்கிட்டு எப்பம் எந்திரிப்பேன்னு கேப்பீரா? போயி டீ குடிச்சிட்டு வாரும்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். இழவு வீட்டில் விவரம் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்வார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஊர் உலகமெல்லாம் துண்டும் எண்ணெயுமாக அருவிக்குப் போகும். அண்ணாச்சியும் போவார், பெரிய கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு. பேட்டரிக்கு ஊற்ற மழைத்தண்ணீர் பிடிப்பதற்காக. அருவிக்கு முதுகைக் காட்டி, வெட்டவெளியில், ஜாடியைத் தலைக்கு மேல் ஏந்தியபடி சாரலில் மணிக்கணக்காக நிற்பார். மதராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பக்கத்துல அம்புட்டுத் தண்ணி கொட்டுதே அண்ணாச்சி, அங்கன ஒரு குடம் பிடிச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

"பாறையத் தொட்ட தண்ணி பேட்டரிக்கு ஆகாதுவே. அது மனுசன் குளிக்கத்தான் லாயக்கு."

நான் அப்போது ஒரு லேடி டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட் வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய காரை வாங்கித் தாமே ஓட்டினார். யுத்தத்துக்கு முந்தைய வண்டி, ஆறு வோல்ட் பேட்டரி. வெயில் காலத்தில் ஒழுங்காகக் கிளம்பும். சாரல் விழுந்து குளிர ஆரம்பித்தால் ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகிவிட்டுப் படுத்துவிடும். பிறகு நான் முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மருந்து கலக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள், செக்கு ஆட்ட அல்ல என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவேன்.

ஓர் ஆடி மாதம் அச்சன்புதூரிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் சுற்றினேன். போய்ச் சேர்ந்தபோது தாயைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தபடியே வந்தேன். அதற்குப் பிறகு அந்த முணுமுணுப்பு என் வாயில் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே வண்டி அண்ணாச்சி கடை வாசலில் நின்றது.

"பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்திடுங்க அண்ணாச்சி. பழைய சாமான் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். "ஸ்டார்ட்டரப் பத்திக் கவலையில்ல. அவன் முரடன். ஒரு நிமிசம் வேல பாத்துட்டுப் படுத்துருவான், பன்னெண்டு குடுத்தாலும் தாங்குவான். பல்பையும் டைனமோவையும் மாத்திருவோம். ஹாரன மட்டும் தூக்கிப் போடச் சொல்லாதீய."

"ஹார்ன்ல என்ன இருக்கு?"

"வலியில கெடக்க பொம்பளைக்கு டாக்டர் வந்தாச்சுன்னு யாரு சொல்லுதா? அதுதான சொல்லுது. காரு உங்களுதுதான் அம்மா. சத்தம் உங்களுது இல்ல."

அவர் சொன்னதில் பொய்யில்லை. உள்ளே ஒரு குட்டி மோட்டார் சுற்றி, பல்சக்கரம் தகட்டை உரசிச் சத்தம் போடுகிற ரகம் அந்த ஹாரன். கன்றைத் தேடும் பசு மாதிரி அடித்தொண்டையில் தொடங்கி மெல்ல ஏறும். ஊர் எல்லையில் அது கேட்டதுமே, "டாக்டரம்மா வந்துட்டாவ" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவார்கள். என் மனைவியும் தலைப்பிரசவத்துக்கு அச்சன்புதூரில் அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பிள்ளை இறந்தது அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. நான் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வாள். "அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்கு உசுரு வரும்" என்பாள். இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. அன்றுமுதல் அவர் தூங்கினாரா என்பதே சந்தேகம்.

முதலில் ஹாரனை நேரே பன்னிரண்டு வோல்ட்டில் கொடுத்துப் பார்த்தார். அது போட்ட கூச்சலில் சைக்கிளில் போன போலீஸ்காரர் சாக்கடையில் இறங்கிவிட்டார். "பயந்துட்டு, பாவம்" என்றார் அண்ணாச்சி. போலீஸ்காரரை அல்ல, ஹாரனை.

பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒரு சுருக்குவழி சொன்னார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். நடுவில் மூன்றாவது அறையிலிருந்து ஒரு ஒயரை இழுத்தால் ஆறு வோல்ட் தானாக வந்துவிடும்.

"ஆறு பிள்ளைய உள்ள வீட்டுல மூணு பேரு மட்டும் ஹாரனுக்கும் சேத்து ஒழைக்கணும், மத்த மூணு பேரு சும்மா ஒக்காந்திருக்கணும், அப்படித்தான? அந்தக் குடும்பம் வெளங்குமாவே?" என்று கேட்டார் அண்ணாச்சி. மெக்கானிக் இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆகவே தடைக்கம்பி போட்டு வோல்ட்டைக் குறைப்பது என்று முடிவாயிற்று. பெட்ரோல் முள், வைப்பர், ஹாரன் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி, தனித்தனி நீளம். "ஒவ்வொண்ணும் குடிக்க அளவு வேற. ஒரே சட்டைய மூணு பேருக்குப் போட முடியுமா?" என்றார். பெட்ரோல் முள்ளுக்குக் கம்பி போட மறந்த ஒரு நாள், டாங்கி நிறைந்திருப்பதாக முள் சத்தியம் செய்தது. நாங்கள் குத்துக்கல்வலசையில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் நின்றோம். வண்டியைத் தள்ளியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தடைக்கம்பிக்கு எங்கே போனார் என்பது அடுத்த கொடுமை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசிகளைக் கொதிக்க வைக்கும் மின்சார அடுப்பின் சுருளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதை நான்கு இழையாக முறுக்கி, ஒரு சிலேட்டுப் பலகையில் சுற்றினார். ஒரு மாதம் நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து ஊசி கொதிக்க வைத்தேன். புகார் சொன்னபோது டாக்டரம்மா சிரித்தார். அண்ணாச்சி கேட்காததுபோல் வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மீட்டர் முள் ஆறில் வந்து அசையாமல் நின்றது. ஹாரனை அழுத்தினார். முகம் தொங்கிவிட்டது.

"ஆறுதான் வருது. ஆனா இது அது இல்லவே."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அச்சன்புதூருக்குத் தெரியும் என்றார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேட்டரி, ஹாரன், சிலேட்டு, மீட்டர் எல்லாவற்றோடும் என்னையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு என் மாமியார் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, முதுகைக் காட்டி வரிசையாக உட்காரச் சொன்னார். மருமகனான எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆறு வோல்ட்டில் ஒரு முறை அழுத்தினார்.

"சங்கரன்கோயில் பஸ்ஸு" என்றாள் ஒருத்தி.

"இல்லட்டி, நெல்லு லாரி" என்றாள் இன்னொருத்தி.

அண்ணாச்சி மீட்டரை உற்றுப் பார்த்தார். முள் ஆறில்தான் நின்றது. அப்போது என் மாமியார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "டாக்டரம்மா காரு இழுத்து இழுத்துல்லா கூப்பிடும். இது என்னத்துக்கு இப்படி அவசரப்படுது?"

அண்ணாச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு மடையன்வே. அந்தப் பேட்டரி பாதி செத்தது. ஒயரு பூரா துரு. ஹாரனுக்கு ஆறு வோல்ட்டு என்னைக்குப் போயிருக்கு? இந்த ஊரு இத்தன வருசமா கேட்டது அஞ்சு வோல்ட்டுச் சத்தம்!"

சிலேட்டில் சுற்றிய கம்பியின்மேல் ஹாரன் ஒயரின் கவ்வியை ஒரு விரல் தள்ளி வைத்தார். அழுத்தினார். இன்னும் ஒரு விரல். மீட்டரை அவர் இப்போது பார்க்கவே இல்லை. அடுத்த தடவை அழுத்தியபோது பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். மாமியார் அடுப்படிக்குள் ஓடி வெந்நீர்ப் பானையை ஏற்றிவிட்டார்.

"இது சோதனதான் அத்தே, அவளுக்கு எட்டாம் மாசந்தான் நடக்குது" என்று நான் கத்த வேண்டியிருந்தது.

"சத்தம் கேட்டா வெந்நி போடணும்லா மாப்ள" என்றார் அவர், ஒன்றும் நடக்காததுபோல.

அடுத்த மாதம் ஒரு காலையில், அடைமழைக்கு நடுவே, அச்சன்புதூரிலிருந்து ஆள் சைக்கிளில் வந்தான். அவன் வாயைத் திறக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது. கை தானாகக் கைப்பிடியைத் தேடியது. அதற்குள் டாக்டரம்மா ஸ்டார்ட்டரைத் தொட்டார். தொட்டதும் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்த அண்ணாச்சி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கம்பி சூடாகிவிடும், மூன்று விநாடிக்குமேல் அழுத்தக் கூடாது என்று டாக்டரம்மாவுக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் எல்லை தொட்டதும், "இப்பம் அடிங்கம்மா, இப்பம்!" என்றார். டாக்டரம்மா அழுத்தினார்.

பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டாக்டரம்மா அந்த வாக்கியத்தை என்னிடம் முடிக்கவில்லை. பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டபோது நான் வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி மழையில் நனைந்தபடி காரின் ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்க வந்தார். பார்க்க வந்ததாகப் பேர், கேட்க வந்தது வேறு. வாசலில் நின்றபடியே கேட்டார்: "தாயி, அன்னைக்குச் சத்தம் கேட்டுதா? சரியா இருந்துதா?"

"அதே சத்தந்தான் அண்ணாச்சி. கேட்ட பொறவுதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றாள் என் மனைவி.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைச் சரியாகப் பார்க்கக்கூடச் செய்யாமல், மழையில் இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு இருந்த வலியில இடி விழுந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. ஹாரனாவது ஒண்ணாவது. அவுக மொகத்தப் பாத்து அத எப்படிச் சொல்லுதது?"

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த முரட்டு ஸ்டார்ட்டர்தான். அதைப் பற்றி அண்ணாச்சி ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. ஹாரனைப் பற்றி மட்டும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்த பிறகும், சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால் தவறாமல் தலையாட்டுவோம். அவர் இருந்தவரைக்கும் நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை; அவரைவிட எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.