கூறைச்சேலையும் எண்ணூறு சிசியும்

எதையும் தீர வாசித்த பின்பே வாங்குவேன் என்று சொல்லிக்கொள்பவர்களிடம் ஒரு குறை உண்டு. வாங்கிய பொருள் காலை வாரிவிட்டாலும் அவர்களால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. அவ்வளவு வாசித்திருக்கிறார்களே!

நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். ஒரு சொல்லின் பொருளுக்கு மூன்று உரைகளைப் புரட்டிப் பார்க்காமல் எனக்கு உறக்கம் வராது. ஆகவே, வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கார் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, விற்பனை விளம்பரங்களையும் இலக்கியமாகவே அணுகினேன். ‘ஒருமுறை பார்த்தால் விடமாட்டீர்கள்’ என்று எழுதியவரை உயர்வு நவிற்சி காரணமாக நிராகரித்தேன். எழுத்துப் பிழையோடு எழுதியவரை ஒழுங்கீனம் காரணமாக நிராகரித்தேன். கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வெளியிட்டிருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘ஓடுகிறது. வந்து பாருங்கள்.’ அவ்வளவுதான். அந்தச் சொற்சிக்கனத்தில் நான் மயங்கிவிட்டேன். (கார் வாங்க இது போதுமான காரணம் அல்ல என்று அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னவர் அப்பா, அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

கார் வெள்ளை நிறம். எண்ணூறு சிசி எஞ்சின். ஒரு சவர்க்காரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போலச் சிறியது, ஆனால் துப்புரவானது. உரிமையாளர் ஓய்வுபெற்ற மனிதர். விளம்பரத்தைப் போலவே அளந்து பேசினார்.

“அண்ணை, இது ஹைவேயில போகுமோ?” என்று கேட்டேன்.

“போகும் தங்கச்சி.”

சற்று நேரம் கழித்து, “நான் போனதில்லை” என்றார். “எனக்குக் கொச்சிக்கடைக் கோயிலும் புறக்கோட்டையும்தான்.”

(இரண்டாவது பதிலை ஓர் அடிக்குறிப்பாகக் கருதிக் கடந்துவிட்டேன்.)

ஓட்டிப் பார்த்தோம். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் கொச்சிக்கடை வரை ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தோம். ஊர்வதில் அந்தக் காருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. வீடு திரும்பும் வழியில் அப்பா மெல்லத் தொடங்கினார்.

“பிள்ளை, எஞ்சின் சின்னன். கொழும்புக்குள்ள ஓடச் சரி. நாலு பேரோட ஹைவேயில ஏறினா மூச்சு வாங்கும்.”

“ஹைவேயில நூறுக்கு மேல போகவே கூடாது அப்பா. இதில நூற்று நாற்பது வரைக்கும் போட்டிருக்கு.”

வேகமானியில் அச்சிட்டிருந்த இலக்கத்தைத்தான் அப்படி ஆதாரமாகக் காட்டினேன். அச்சில் வந்ததை நம்புவது என் படிப்போடு வந்த நோய். நான் மேற்கோள் காட்டத் தொடங்கினால் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

கார் வந்து இரண்டு மாதத்தில் அண்ணாவின் கல்யாணம். மணப்பெண் வீட்டார் கனடாவிலிருந்து வந்து, காலிக்கு அருகே கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மண்டபம் எடுத்திருந்தார்கள். நாங்கள் கல்யாணத்தன்று காலை வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, தெற்கு அதிவேகப் பாதையால் போய்ச் சேர வேண்டும். அண்ணாவுக்கும் அம்மா அப்பாவுக்கும் நீளமான ஒரு கறுப்புக் கார் வாடகைக்குப் பேசப்பட்டது. அதன் சொந்தக்காரர் நிமல் என்ற சிங்கள அன்பர், அவரே ஓட்டுவார். உறவினர்களுக்கு இரண்டு வான்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பெரியம்மா வாய் திறக்கும் வரைக்கும்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. எங்கள் தொடர்மாடியில் கீழ்த்தளத்தில் இருக்கிறார். குடும்பத்தில் எந்தச் சடங்கும் அவருடைய கையொப்பம் இல்லாமல் நடப்பதில்லை. எங்கள் வழக்கப்படி, தாலி கட்டுவதற்கு முன் மணப்பெண் உடுத்த வேண்டிய கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். கூறை போய்ச் சேராவிட்டால் கல்யாணம் இல்லை.

“கூறை வாடகை வாகனத்தில போகப்படாது” என்றார் பெரியம்மா. “ஊரெல்லாம் இருந்து போன சீற். சொந்த வாகனத்திலதான் போக வேணும். கூறைக்கு முன்னால வேறயொருத்தரும் போகவும் கூடாது.”

இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதென்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று உரை புரட்டுபவள் அல்லவா? கேட்கவில்லை. ஏனென்றால் குடும்பத்தில் சொந்த வாகனம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதை ஓட்டுபவள் நான். தங்கை என்ற முறையில், சடங்கில் மாப்பிள்ளையின் அருகே நிற்கும் தோழியும் நான். ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு, சபையில் வாய் திறக்காத என்னைப் போன்றவளுக்கு வாழ்வில் எத்தனை முறை கிடைக்கும்?

“அது வடிவாப் போகும் பெரியம்மா” என்று உறுதியளித்தேன்.

அன்று காலை என் பக்கத்தில் பெரியம்மா, மடியில் கூறைத் தட்டு. பின் ஆசனத்தில் பெரியப்பா. உடலில் தாராளமும் சொல்லில் சிக்கனமும் கொண்ட மனிதர். அவரைச் சுற்றித் தேங்காய்கள், ஒரு முழு வாழைக்குலை, பலகாரத் தட்டுகள், வெற்றிலைத் தட்டு, அறுகரிசிக் கிண்ணம், குங்குமச் சிமிழ். பெரியப்பா ஏறி அமர்ந்ததும் காரின் முன்பக்கம் சற்று வானத்தைப் பார்த்தது. அதை ஒரு மங்கல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறினோம். அறுபது வரை கார் என்னோடு ஒத்துழைத்தது. அதற்கு மேல் மிதித்தபோது சத்தம் எண்பதுக்குப் போனது, கார் போகவில்லை. சிறு ஏற்றம் ஒன்று வந்தது. ஏற்றம் என்று நான் சொல்வது மற்ற வாகனங்களின் கண்ணுக்கே தெரியாத ஒன்றை. அதில் ஐம்பதுக்கு இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் அண்ணாவின் கறுப்புக் கார். அதற்குப் பின்னால் இரண்டு வான்கள். முந்தக்கூடாது என்று பெரியம்மா சாரதிகள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். உலகம் முழுவதும் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்க, அந்த மூன்று வாகனங்கள் மட்டும் கோயில் தேருக்குப் பின்னால் வரும் அடியார்களைப் போல அசைந்து வந்தன. மாத்தறைக்குப் போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்தபோது அதிலிருந்த பிள்ளைகள் கை காட்டினார்கள். பெரியப்பா திருப்பிக் கை காட்டினார்.

அப்பா தொலைபேசியில் அழைத்தார். பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் பிடித்தார்.

“மச்சாள், அவளைக் கொஞ்சம் ஓரமாப் போகச் சொல்லுங்கோவன். நாங்கள் முந்திப் போய்ப் பொம்பிளை வீட்டாரைச் சமாளிக்கிறம்.”

“கூறை பின்னால வர மாப்பிள்ளை முன்னால போறதோ? நல்ல கதை” என்று பெரியம்மா தொடர்பைத் துண்டித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “நீ ஏன் பிள்ளை ஊருறாய்? பயமோ?”

“பயமில்லைப் பெரியம்மா. ஏசியை நிப்பாட்டினா கொஞ்சம் கெதியாப் போகும்.”

“நிப்பாட்டு.”

நிறுத்தினேன். ஐந்து கிலோமீற்றர் வேகம் கூடியது. வெப்பம் அதைவிட அதிகமாகக் கூடியது. பெரியம்மாவின் பவுடர் வழியத் தொடங்கியது.

“கண்ணாடியை இறக்கு.”

இறக்கினேன். (அறுகரிசி என்பது அறுகம்புல்லும் அரிசியும் கலந்து, மணமக்களின் தலையில் தூவி வாழ்த்துவதற்கு வைத்திருப்பது. அதை மூடி வைப்பது நல்லது.) காற்று உள்ளே புகுந்த கணத்தில் முழுக் கிண்ணமும் எழுந்து பெரியப்பாவை வாழ்த்தியது. தொடர்ந்து குங்குமச் சிமிழும் திறந்துகொண்டது. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை வேட்டி சட்டையோடு புறப்பட்ட மனிதர், பெரும் போரிலிருந்து மீண்டவர் போல வீற்றிருந்தார். “கண்ணாடியை ஏத்தட்டோ பெரியப்பா?” என்று கேட்டேன். “இனி என்னத்துக்கு” என்றார்.

அடுத்த ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. நல்ல வேளையாக இளைப்பாறும் இடம் ஒன்று எதிர்ப்பட, முன்மூடியிலிருந்து ஆவி கிளம்ப அதற்குள் திருப்பினேன். கறுப்புக் காரும் வான்களும் ஒன்றன்பின் ஒன்றாக மரியாதையோடு வந்து நின்றன.

பாதைப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். மலர் கட்டிய வாகனங்கள், மெதுவான வரிசை, பட்டு உடுத்தியிருந்தும் முகம் வாடிய மனிதர்கள், அவர்கள் நடுவே சிவப்புக் கறைகளோடு பெரியப்பா. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நிமலிடம் தணிந்த குரலில் சிங்களத்தில் கேட்டார், இறந்தவர் யார் என்று.

பெரியம்மா முப்பது வருடம் அரச கந்தோரில் வேலை செய்தவர். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதைப் பொலிஸ்காரர் அடுத்த இரண்டு நிமிடங்களில் அறிந்துகொண்டார்.

முகூர்த்தம் பதினொன்றரையோடு முடிகிறது. மணி பத்தைத் தாண்டிவிட்டது. தாலிக்கு முன்னால் செய்ய வேண்டிய கிரியைகள் வேறு இருக்கின்றன. மணப்பெண்ணின் தகப்பனார் மூன்று தடவை அழைத்துவிட்டார். அண்ணா தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கைத்தொலைபேசியை நீட்டினான். அவன் எங்கே வருகிறான் என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண் எழுதியிருந்தாள்: ‘உங்கட புள்ளி அசையுதே இல்லை. வர விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ.’

“இதுக்கு நான் என்ன எழுத?” என்று கேட்டான் அண்ணா. “நீதானே இலக்கியம் படிக்கிறாய்.”

தொலைபேசியை வாங்கி மூன்று தரம் எழுதி, மூன்று தரமும் அழித்தேன்.

“மச்சாள், கூறையை நிமலின்ர காரில ஏத்துவம்” என்றார் அப்பா.

“வாடகைக் காரில என்ர கையால வைக்க மாட்டன்.”

“அப்ப கல்யாணம்?”

பெரியம்மா கூறைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கண்டேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணாவை வளர்த்ததில் பாதி அவர்தான். அவனுடைய கல்யாணத்தில் ஒரு பிழையும் வந்துவிடக் கூடாதென்ற பயத்தைத்தான் அவர் இத்தனை விதிகளாக மாற்றி வைத்திருந்தார். கூறை நேரத்துக்குப் போகாவிட்டால் அந்தப் பிழை என்னுடையது. வாடகைக் காரில் போனால், அவர் மனத்தில் அது அவருடையது.

அப்போது பெரியப்பா அறுகரிசியைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நிமல் வாடகைக்கு வந்ததுதானே பிழை?”

“ஓம்” என்றார் பெரியம்மா.

“அப்ப, கல்யாணத்துக்கு வரட்டும்.”

தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நிமலின் முன்னால் போய் இரு கையாலும் நீட்டி, எங்கள் மகனுடைய கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்று சிங்களத்தில் அழைத்தார். வெற்றிலை கொடுத்து அழைப்பது சிங்களவர்களிடமும் உள்ள வழக்கம். நிமல் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, குனிந்து வாங்கிக்கொண்டார். அந்தக் கணத்திலிருந்து அவர் விருந்தாளி. விருந்தாளி சொந்தக் காரில் வருகிறார். வழியில் எங்கள் கூறையையும் ஏற்றிக்கொள்கிறார். இதில் யார் என்ன குறை காண முடியும்?

பெரியம்மா கறுப்புக் காருக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். முன்பக்கத்தில் சிறிய புத்தர் சிலை; அதன் முன்னால் அன்று காலை வைத்த பூ.

“தம்பி ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறனீரோ?”

“ஓம் அம்மா” என்றார் நிமல், தமிழில்.

“ஏத்துங்கோ” என்றார் பெரியம்மா.

அப்பா வானுக்கு மாறினார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நான் நெருக்கிக்கொண்டேன். என் காருக்குப் பெரியப்பா காவல் இருக்க முன்வந்தார். பலகாரத் தட்டுகளும் அவரோடு நின்றன. நிமல் நூறில் ஓட்டினார். அந்த வேகத்தில் ஒரு காருக்குள் சாதாரணமாகக் கதைக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மண்டப வாசலில் ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். கூறை உள்ளே போனது, மணப்பெண் உடுத்தி வந்தாள், தாலி ஏறியது. பதினொன்றரைக்குச் சற்று முன்னர்தான், ஆனால் முன்னர். தூவுவதற்கு ஹோட்டல்காரர்கள் அவசரமாகக் கொடுத்த அரிசி, பிரியாணிக்கு வைத்திருந்த நீள அரிசி என்பதை ஐயர் பெருந்தன்மையோடு கவனிக்காமல் விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சரியாகப் பெரியப்பா வந்து சேர்ந்தார், என் காரையே ஓட்டிக்கொண்டு. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது கிளம்பிவிட்டதாம். தனியாளாக வந்ததால் எண்பதில் ஓடி வந்ததாம். “நல்ல கார் பிள்ளை” என்றார். “நாங்கள்தான் பாரம்.” பலகாரத் தட்டுகளில் ஒன்று வெறுமையாக இருந்தது. அது பாரத்தைக் குறைக்கும் முயற்சி என்று விளக்கமளித்தார்.

கல்யாணப் பட அல்பத்தில் மாப்பிள்ளைக்கு வலப்பக்கத்தில் நிமல் நிற்கிறார். அதன் பின் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் அவரும் மனைவியும் வருகிறார்கள். முதல் வெற்றிலை அவருக்குத்தான் என்பது பெரியம்மாவின் புதிய விதி. அண்ணி இன்றைக்கும் அண்ணாவிடம் கோபம் வந்தால் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

என் பங்குக்குக் கிடைத்தது இது. போன மாதம் மாத்தளையில் ஒரு கல்யாணம். முழுக்க மலை ஏற்றம். எல்லோரும் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று பெரியம்மா ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார். காலை ஐந்தரை, காலை ஐந்தரை, காலை ஐந்தரை. என்னிடம் வந்தபோது, “நீ முந்தின நாளே வெளிக்கிடு பிள்ளை” என்றார். வீடே சிரித்தது.

முந்தின நாளே போய்விட்டேன். ரயிலில்.