மூன்றாம் தடவை கேட்டு என் வீட்டில் நுழைந்த ஈர இயந்திரம்

ரோசோ, மின்னசோட்டா
ஜனவரி 17

மதிப்புக்குரிய மைத்துனர் ஹார்லன் அவர்களுக்கு,

வெண்டல் ஸ்டோர்லி எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை ஆர்டிஸும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் எனக்கு இப்போது வருத்தப்பட நேரமில்லை.

கிறிஸ்துமஸ் விருந்தில், "வீடு முழுக்கக் காத்தை ஈரமாக்குற மெஷின் ஒண்ணு சும்மா கிடக்கு, மாட்டிவிடட்டுமா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டீர்கள், வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டீர்கள். மூன்றாம் தடவை மறுப்பவன் நம் ஊரில் மனுஷனே இல்லை. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். குளிருக்குச் சூடாக்கி இயந்திரம் ஓடி ஓடி வீட்டுக் காற்று அப்பளமாகக் காய்ந்திருந்தது, ஆர்டிஸுக்குத் தினம் மூக்கில் ரத்தம், நாற்பத்தொரு வருஷமாகக் காலைக் காப்பிக்கு முன்னால் நான் கொடுத்துவரும் முத்தத்தில் அந்த வறட்சியால் 'டப்' என்று மின்சாரம் அடித்தது. "கிட்ட வராதே வெண்டல், தள்ளியே நின்னு குட்மார்னிங் சொல்லு" என்றாள். பிறகு, குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் தன் அக்கா லவோன் வீட்டில் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். "காத்து வறண்டு போச்சுன்னு பாலைவனத்துக்கா போவாங்க?" என்று கேட்டேன். "அங்க வறட்சி வெளியில இருக்கு. இங்க வீட்டுக்குள்ள இருக்கு" என்றாள்.

அவள் போகாமலிருக்க வேண்டுமே என்றுதான் நிலவறையில் உங்கள் இயந்திரத்தை மாட்டவிட்டேன். "குளிர் ஏற ஏற ஈர அளவுக் குமிழையும் ஏத்திக்கிட்டே போ" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். ஏற்றினேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது போனபோது உள்ளே ஜன்னலெல்லாம் வியர்த்து, வழிந்து, விரல் தடிமனுக்குப் பனிக்கட்டியாகிவிட்டது. பிஸ்கட் நமுத்தது, வாங்கி வைத்த உறைகளெல்லாம் தாமே ஒட்டிக்கொண்டன, இந்தக் கடிதம் ரொட்டிப் பையில்தான் வருகிறது. செவ்வாய்க்கிழமை விமானத்துக்குக் கிளம்ப ஆர்டிஸ் பெட்டியோடு வாசலுக்குப் போனால், முன்கதவு நிலையோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது! பின்கதவும் அப்படியே! சூடாக்கிக்குப் பின்னால் விழுந்து கிடந்த, இயந்திரத்தோடு வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குளிர் ஏறினால் குமிழை இறக்க வேண்டுமாம். இறக்க வேண்டும், ஹார்லன்! நீங்கள் முப்பது வருஷம் சூடாக்கி பழுது பார்த்தவராம்!

தொலைபேசியில், "மெஷின் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "மோசமில்லை" என்றேன். அதைவிடக் கோபமாக என்னால் வாயால் பேச முடியாது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். வேண்டுமென்றே அடைத்து வைத்தேன் என்று அவள் நினைத்துவிட்டால், கதவு திறந்த அன்று போகிறவள் திரும்பி வருவாளா? எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே கடப்பாரையோடு வந்து கதவைத் திறந்து, இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகவும்.

தங்கள் குடும்பத்துக்குக் கர்த்தர் சுகத்தையும், தங்களுக்குக் கொஞ்சம் புத்தியையும் அருளட்டும்.

இப்படிக்கு,
வெண்டல் ஸ்டோர்லி

பி.கு.: ஆர்டிஸ் தலை உலர்த்தும் மெஷினால் சமையலறை ஜன்னலின் பனிக்கட்டியை உருக்கி, ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறேன். இதை வாங்கிக்கொள்ளத் தபால்காரர் டுவேன் வெளியே நிற்கிறார். "கதவை உடைச்சுத் திறக்கட்டுமா?" என்றார். வழக்கப்படி வேண்டாம் என்றேன். "ரெண்டே நிமிஷம்தான்" என்றார். வழக்கப்படி வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டார். என் தோளுக்குப் பின்னாலிருந்து, "வேண்டாம், டுவேன். உள்ள நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. டுவேன் இன்னும் வாயை மூடவில்லை. இன்று காலைக் காப்பிக்கு முன்னால் 'டப்' சத்தம் வரவில்லை என்பதையும் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே மார்ச் வரைக்கும் தாங்கள் வரவேண்டாம். மூன்று தடவை கேட்டாலும் வேண்டாம்.