‘ஏன்’ அண்ணாச்சியும் ஆறு ஜிபி கல்யாணமும்

விருதுநகர் மாவட்டத்திலேயே, யார் எதைச் சொன்னாலும் உடனே ‘சரி’ என்று சொல்லாத ஒரே மனிதர் எங்கள் ‘ஏன்’ அண்ணாச்சிதான். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த நூல் மில் ஆபீஸில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில், இந்தக் கடைப் பால்கோவா மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று விடாமல் கேட்கப்போய், பதில் சொல்லி மாளாத கடைக்காரர் அவரை அடுப்படிக்கே கூட்டிப்போய்க் கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு சட்டி கிண்டிவிட்டுத்தான் அண்ணாச்சி வெளியே வந்தார். முகம் பால்கோவாவைவிடச் சிவந்திருந்தது.

எங்களோடு வேலை பார்த்த ஜெபா ஒருநாள் ஹார்டு டிஸ்கும் பென்டிரைவுமாக வந்தாள். ராணுவத்தில் இருக்கும் அவள் கணவருக்குத் தன் தங்கையின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. பிந்தி வந்தவர், அன்று சாயங்காலம் ரயிலில் திரும்புகிறார். மலைமேல் இருக்கும் முகாமில் சிக்னல் கிடையாது. கல்யாண வீடியோவை அங்கே இருக்கும் டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வீடியோ ஆறு ஜிபி. பென்டிரைவ் முப்பத்திரண்டு ஜிபி, சுத்தமாகக் காலி. ஆனாலும் ஃபைல் ரொம்பப் பெரிசு என்று சொல்லிக் கம்ப்யூட்டர் மறுத்தது. பென்டிரைவை உருவி, ஊதி, மறுபடி சொருகினோம். புதிதாக இன்னொன்று வாங்கிவந்தோம். அதிலும் அதே பதில்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். “இடம் அம்புட்டு கெடக்கே. பொறவு ஏன் மாட்டேங்குது?”

சின்னச் சின்ன ஃபைல்களாகப் பத்து ஜிபி ஏற்றிப் பார்த்தார், ஏறியது. மூன்று ஜிபியில் ஒரே ஃபைல், அதுவும் ஏறியது. ஐந்து ஜிபியில் ஒன்று, நின்றுவிட்டது. போனில் தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இது பழைய ஃபார்மட்டு. ஒரு ஃபைல் எம்புட்டுப் பெரிசுன்னு குறிச்சுக்கிட அதுக்குக் கொஞ்சம்தான் இடம் விட்டிருக்கான். நாலு ஜிபிக்கு மேல போனா எண்ணைக் குறிக்க முடியாது.”

ஃபார்மட்டை மாற்றிவிடலாம் என்றேன். முகாமில் இருக்கும் பழைய டிவி அதைப் படிக்குமா என்று ஜெபா கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் பாதியில் வெட்டி இரண்டு ஃபைலாக்குங்கள் என்றேன்.

“பாதியில தாலியில்லா கட்டுதாக. ஏன் அங்க வெட்டணும்?”

வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். “அவிய ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போயாச்சு அண்ணாச்சி” என்றாள் ஜெபா, அழாத குறையாக. ஒருவழியாக எல்லோரும் சாப்பிட எழுந்திருக்கிற இடத்தில் வெட்டினார்.

நானும் அண்ணாச்சியும் என் பைக்கில் அங்கே பறந்தோம். ரயில் நின்றுகொண்டிருந்தது. பென்டிரைவைக் கொடுத்த கையோடு, அந்த மலைக் குளிரில் இது ஏன் உறைந்துபோகாது என்று அண்ணாச்சி ஜெபாவின் கணவரிடம் கேட்க ஆரம்பித்தார். ரயில் கிளம்பியது. இவர் கேட்டுக்கொண்டே கூட நடந்தார்.

பிறகு, அவர் சிக்னலுக்காக மலையிலிருந்து இறங்கிவந்த ஒருநாள் ஜெபாவுக்குப் போன் வந்தது. முகாமில் எல்லோருமாக முதல் பாகம் பார்த்து, டீ குடித்துவிட்டு, மிச்சத்தையும் பார்த்தார்களாம்.

அண்ணாச்சி ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது அவர் இடத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். ஆபீஸ் ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.