ஹப்புக்குப் போட்ட பூஜை

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் மச்சினனுக்குச் செங்கல் ஏற்றுவதில்லை என்று பரந்தாமன் முடிவு கட்டிவிட்டார்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபோர்மேன் அவர். ராணுவ ஏலத்தில் பழைய ஜீப்பை எடுத்தது நாலு பேர் பார்க்க ஓட்டத்தான். ஆனால் பெண்டாட்டி லோகநாயகியின் தம்பி பால்ராஜ் திருமுல்லைவாயிலில் வீடு கட்ட ஆரம்பித்தான், ஜீப் லாரியாகிவிட்டது. கூட்டாளி பக்தவத்சலம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ரம்மியில் இவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

பெண்டாட்டியிடம் முடியாது என்று சொல்லலாமே என்கிறீர்களா? அதற்கு வேறு ஆம்பிளையைப் பார்க்க வேண்டும்.

அதனால் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு ஜோடி லாக்கிங் ஹப் வாங்கி வந்தார். சனிக்கிழமை பூரா முழங்கை வரை கிரீஸோடு முன் சக்கரங்களில் மாட்டினார். பெட்ரோல் மிச்சமாகும் என்று லோகநாயகியிடம் சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம். பெருமை விடுகிறதா?

"தோ பாரு, இதைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்புனா முன் சக்கரமும் இழுக்கும். வெள்ளைக்குத் திருப்புனா சும்மா உருளும். அப்போ உள்ள எந்த கியர் தடியைப் போட்டாலும் ஒண்ணும் வேலைக்காவாது. எறங்கி, கையாலதான் திருப்பணும்."

"எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?" என்று காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

திட்டம் இதுதான். ஹப் வெள்ளையிலேயே இருக்கும். பால்ராஜ் வீட்டுச் சந்தில் ஐப்பசிச் சேறு முழங்கால் ஆழம், ஜீப் மாட்டிக்கொள்ளும். உள்ளே ஃபோர்வீல் தடியைப் போட்டு, நாலு சக்கரம் இழுத்தும் அசையவில்லையே என்று கையை விரிப்பார். கூட வரும் லோகநாயகி இறங்கித் தம்பி வீட்டுக்கு நடந்துவிடுவாள். அவள் தலை மறைந்ததும் சிவப்புக்குத் திருப்பி, பின்னால் எடுத்து, நேரே ரம்மி.

ஞாயிறு காலை, புதுச் சாமான் மாட்டிய வண்டியைப் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்றாள் லோகநாயகி. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். இரண்டு முன் சக்கரத்துக்கும் எதிரில் குந்தி உட்கார்ந்து மஞ்சள், குங்குமம் வைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பரந்தாமன், நிறையவே வை என்று தாராளமாகச் சொன்னார்.

சேறு வந்தது. பின் சக்கரம் புதைந்தது. அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தடியைப் போட்டு, நடிப்புக்குக் குறை வைக்காமல் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார்.

ஜீப் ஒரு உதறு உதறி மேலே ஏறி, பால்ராஜின் வாசலில் போய் நின்றது.

இறங்கிப் பார்த்தார். இரண்டு ஹப்பும் சிவப்பில் இருந்தன. மேலே குங்குமம் வேறு.

"நீ திருப்புனியா?"

"பின்ன? வெள்ளை வேட்டியோட நீங்க சேத்துல எறங்கித் திருப்பிகினு கீறதை நான் பாத்துகினு இருப்பேனா? ரம்மிக்கு வரமாட்டீங்கன்னு பக்தவத்சலம் ஊட்லயும் காலையிலயே சொல்லிட்டேன்."

பரந்தாமனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் பால்ராஜ் ஓடி வந்து ஜீப்பை ஆசையாகத் தட்டிக் கொடுத்தான்.

"நல்ல வேளை மாமா, இந்தச் சேத்துல வரமாட்டேன்னு லாரிக்காரன் ஓடிட்டான். இனிமே மணலு, ஜல்லி எல்லாம் நம்ம வண்டியிலதான்."